எட்டாம் நாள் போட்ட மேசை



கல்விச் சமூகவியல் என்றதும் அது ஏதோ பல்கலைக்கழகத்துப் பாடம், நமக்கென்ன என்று வானொலியை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை வகுப்பில் எந்த இடத்தில் உட்காருகிறது, டீச்சர் அதன் முகத்தை ஒரு நாளில் எத்தனை தடவை பார்க்கிறார் என்பதெல்லாம் இந்தப் பாடத்துக்குள் அடக்கம்.

குடும்பத்தின் பிள்ளையைச் சமூகத்தின் ஆளாக மாற்றுகிற இடம் பள்ளி என்று பார்த்தவர் பிரான்சு நாட்டு எமில் துர்கைம். அமெரிக்காவில் 1966-இல் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் ஒரு பெரிய அறிக்கை வந்தது. ஆறு லட்சத்துக்கும் அதிகமான மாணவர்களை ஆராய்ந்து, பள்ளிக்குச் செலவிடும் பணத்தைவிடக் குடும்பப் பின்னணிதான் பிள்ளையின் மதிப்பெண்ணை அதிகம் தீர்மானிக்கிறது என்றார்கள். இரண்டைப் பற்றியும் தனித்தனியாக ஒரு மணி நேரம் பேசலாம். இன்றைக்கு என் மனம் வேறொரு வகுப்பறையில் நிற்கிறது. அங்கே உங்களை அழைத்துப் போகிறேன்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம். கறுப்பினப் பிள்ளைகள் மட்டுமே படித்த பள்ளி, ஆசிரியரும் கறுப்பினத்தவரே. ரே ரிஸ்ட் என்ற ஆய்வாளர் அங்கே மழலையர் வகுப்பில் உட்கார்ந்து கவனித்தார். பள்ளி தொடங்கிய எட்டாம் நாள் ஆசிரியர் பிள்ளைகளை மூன்று மேசைகளாகப் பிரித்து, நிரந்தர இடம் கொடுத்துவிட்டார். அதற்கு முன் ஒரு தேர்வுகூட வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பிறகு எதை வைத்துப் பிரித்தார்? நல்ல உடை போட்டவர்கள், திருத்தமான ஆங்கிலம் பேசியவர்கள், டீச்சரிடம் கூச்சமில்லாமல் வந்து நின்றவர்கள் அவருக்குப் பக்கத்திலிருந்த முதல் மேசைக்குப் போனார்கள். கசங்கிய உடைக்காரர்களும் வாய் திறக்காதவர்களும் அரசு உதவித்தொகையில் வாழ்ந்த வீட்டுப் பிள்ளைகளும் பின்னால் போனார்கள்.

அதன் பிறகு பாடம் பெரும்பாலும் முதல் மேசைக்கே நடந்தது. கேள்வியும் பாராட்டும் அங்கேதான் போயின. ரிஸ்ட் அதே பிள்ளைகளை இரண்டாம் வகுப்பு வரை பின்தொடர்ந்தார். அங்கே குழுக்களுக்குப் பெயரே வைத்திருந்தார்கள். முதல் குழு புலிகள். அடுத்தது கார்டினல் என்ற சிவப்புப் பறவை. கடைசிக் குழு கோமாளிகள்! ஐந்து வயதில் பின் மேசைக்குப் போன குழந்தை ஏழு வயதில் புலியாக முடியவில்லை. ஏனென்றால் முந்தைய ஆண்டு எவ்வளவு பாடம் முடித்தார்கள் என்பதை வைத்தே அடுத்த ஆண்டு குழு பிரிந்தது, அவர்களுக்குப் பாடம் நடத்தியதே குறைவு. 1970-இல் வெளிவந்த இந்தக் கட்டுரையை எப்போது படித்தாலும் எனக்கு மனம் கனத்துவிடும்.

தன்னைத்தானே மெய்யாக்கும் முன்கணிப்பு என்று இதற்குப் பெயர். சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1948-இல் தந்த கருத்து. நன்றாக நடக்கும் வங்கி மூழ்கப்போகிறது என்று வதந்தி கிளம்புகிறது. எல்லோரும் ஓடிப்போய்ப் பணத்தை எடுக்கிறார்கள், வங்கி மெய்யாகவே மூழ்குகிறது. 'இவன் தேறமாட்டான்' என்ற எண்ணமும் அப்படித்தான் வேலை செய்கிறது. 1968-இல் ரோசென்தால், ஜேக்கப்சன் என்ற இரு ஆய்வாளர்கள் இதைத் திருப்பிப்போட்டுப் பார்த்தார்கள். சீட்டுக் குலுக்கியது போல எடுத்த சில பெயர்களை ஆசிரியர்களிடம் கொடுத்து, இந்தப் பிள்ளைகள் இந்த ஆண்டு மலரப்போகிறார்கள் என்றார்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக முன்னேறினார்கள். பின்வந்த பல ஆய்வுகளில் இந்த விளைவு சிறிதாகவே தெரிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தினமும் சிறிது சிறிதாகச் சேர்ந்தால் பத்தாண்டுப் படிப்பில் அது பெரிதாகிவிடும், இல்லையா?

ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் நான் பணியாற்றியபோது, கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் மாணவிகளின் வகுப்பில் பின்னால் உட்காருவது என் வேலை. வகுப்பின் வரைபடத்தைத் தாளில் போட்டு, யாரிடம் கேள்வி கேட்கிறார்களோ அந்த இடத்தில் ஒரு புள்ளி வைப்பேன். மணி அடிக்கும்போது முன்வரிசைகள் புள்ளிகளால் நிறைந்திருக்கும், கடைசி வரிசையான மாப்பிள்ளை பெஞ்ச் வெறுமையாக இருக்கும். தாளைக் காட்டினால் அந்தப் பெண்கள் திகைத்துப்போவார்கள். நல்ல மனசுக்காரர்கள், யாரையும் ஒதுக்க நினைத்தவர்கள் அல்ல. ஒருத்தி மறுநாள் கடைசி வரிசையிலிருந்து தொடங்கினாள். மழைநீர் எங்கே போகிறது என்ற கேள்விக்கு அங்கிருந்த ஒரு பையன், தன் ஊர் ஏரியின் மதகு, கலங்கல், அடுத்த ஏரிக்குப் போகும் வாய்க்கால் என்று சொல்லிக்கொண்டே போனான். பாடப்புத்தகத்தில் அவ்வளவு இல்லை. அவன் பேச்சு முழுக்க வீட்டுப் பேச்சுதான். அவள் குறுக்கிட்டுத் திருத்தாமல் கேட்டாள். அது எனக்கு மிகவும் பிடித்தது.

இந்த இடத்தில் பியர் பூர்தியு என்ற சமூகவியலாளரைச் சொல்லியாக வேண்டும். தென்மேற்குப் பிரான்சின் ஒரு சிற்றூரில் 1930-இல் பிறந்தவர், தந்தை அஞ்சல்துறை ஊழியர், ஊரில் பேசியது பாரிஸ் பிரெஞ்சு அல்ல. பணம் போலவே பேச்சும் பழக்கமும் புத்தகப் பரிச்சயமும் தலைமுறைச் சொத்தாகக் கைமாறுகின்றன என்று அவர் காட்டினார். பண்பாட்டு மூலதனம் என்பார்கள். பள்ளி அதைக் கற்றுக்கொடுப்பதில்லை, ஆனால் அதற்கு மதிப்பெண் போடுகிறது. அது உள்ள பிள்ளையைப் புத்திசாலி என்கிறோம். ஏரியைப் பற்றி அவ்வளவு தெரிந்த பையன் மந்தமானவன் ஆகிவிடுகிறான்.

2025-இல் ஒரு மலையாளப் படத்தைத் தொடர்ந்து, வகுப்பில் 'ப' வடிவில் உட்காரவைப்பது பற்றித் தமிழ்நாட்டில் பேச்சு எழுந்தது நினைவிருக்கும். கழுத்து வலிக்கும், இடம் போதாது என்றெல்லாம் வாதம் நடந்தது. பெஞ்சை எப்படிப் போட்டாலும் சரி, கேள்வி எல்லோரிடமும் போகிறதா என்பதே எனக்கு முக்கியம்.

நேரம் முடியப்போகிறது. 

பெற்றோரே, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போனால் மதிப்பெண்ணோடு, என் பிள்ளை வகுப்பில் பேசுகிறதா என்றும் கேளுங்கள். ஆசிரியத் தோழர்களே, கேள்வி கேட்டுவிட்டு நாம் சராசரியாக ஒரு நொடிதான் பதிலுக்குக் காத்திருக்கிறோம் என்று மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் கண்டறிந்தார். அதை மூன்று நொடியாக்கியபோது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். நாளைக்குக் கடைசி பெஞ்சில் ஒரு பிள்ளையிடம் கேளுங்கள், மூன்று நொடி காத்திருங்கள்.