தல்வாரின் சுவரில் எழுதிய கை

(கடற்படை எழுச்சி நாளையொட்டி மைசூரு ராமாபுரத்தில் நடந்த நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கடலிலிருந்து வெகு தொலைவில் இருக்கிற ஊர் இது. இங்கே கூடியிருப்போரில் கப்பலில் கால் வைத்தவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். ஆயினும் 1946 பிப்ரவரியில் பம்பாய்த் துறைமுகத்தில் நடந்ததை இந்த ஊரிலும் நாம் நினைவுகூர்கிறோம். அந்த எழுச்சியின் முதல் எழுத்துகளை இருட்டில் சுவரில் தீட்டிய பி.சி. தத் என்ற மாலுமியைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

வங்காளத்தின் பர்துவான் பகுதியில் ஒரு கிராமத்தில் பிறந்தவர் பலாய் சந்திர தத். 1941இல், பதின்பருவம் முடியும் முன்பே, ராயல் இந்தியக் கடற்படையில் சேர்ந்தார். தேசப்பற்றோ அரசியலோ அவரை அங்கே அழைத்துச் செல்லவில்லை. வேலை, சம்பளம், உலகைப் பார்க்கும் ஆசை ஆகியவற்றுக்காகவே அன்று பெரும்பாலான இளைஞர்கள் சேர்ந்தார்கள். போர் தொடங்கியபோது இரண்டாயிரம் பேர்கூட இல்லாதிருந்த அந்தப் படை, போர் முடியும்போது ஏறத்தாழ 30 ஆயிரம் பேராகப் பெருகியிருந்தது. தத் தந்திப் பிரிவில் பயிற்சி பெற்று, பர்மாவின் அரக்கான் கடற்கரைப் போர்முனையில் பணியாற்றினார்.

பாசிசத்தை எதிர்த்து ஜனநாயகத்துக்காகப் போரிடுகிறீர்கள் என்று அந்த இளைஞர்களுக்குச் சொல்லப்பட்டது. பாசிசத்தை முறியடிக்க வேண்டும் என்பது சரியானதே. ஆனால் அதே கப்பலில், அதே வேலைக்கு, வெள்ளை மாலுமிக்கு ஒரு சம்பளம், இந்திய மாலுமிக்கு அதைவிட மிகக் குறைந்த சம்பளம். உணவிலும் தங்குமிடத்திலும் அதே பாகுபாடு. போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்படுவோம், வேலை என்னாகும் என்ற கவலை வேறு. மலேயாவிலிருந்து திரும்பிய நண்பர் ஒருவர் வழியே இந்திய தேசிய ராணுவத்தின் கதை தத்துக்குத் தெரிய வந்தது. போர் அவரை அரசியலுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

1945 டிசம்பர் 1, கடற்படை நாள். பம்பாயில் இருந்த தல்வார் தகவல்தொடர்புப் பயிற்சித் தளத்தைப் பொதுமக்கள் பார்வையிட ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. விடிந்தபோது அதன் சுவர்களில் 'வெள்ளையனே வெளியேறு' என்ற முழக்கம் இருந்தது. தத்தும் சில நண்பர்களும் செய்த வேலை. 1946 பிப்ரவரி 2 அன்று, தலைமைத் தளபதியின் வருகையை ஒட்டி மீண்டும் எழுதியபோது தத் பிடிபட்டார். கையில் ஒட்டியிருந்த பசையே காட்டிக்கொடுத்துவிட்டது! விசாரணையில் அவர் தம் செயலை மறுக்கவில்லை.

அதன்பின் தளத்தின் கமாண்டர் கிங் மாலுமிகளை அவர்களுடைய பிறப்பைச் சொல்லி இழிவாக ஏசினார். புகார் கொடுத்தும் பயனில்லை. பிப்ரவரி 18 காலையில் தல்வார் மாலுமிகள் உணவை ஒதுக்கி, வேலைக்கும் செல்ல மறுத்தார்கள். தல்வார் தந்தியாளர்களின் தளம் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். செய்தி அனுப்பும் கருவிகள் அவர்கள் கையில் இருந்தன. இரண்டே நாளில் கராச்சி, கல்கத்தா, விசாகப்பட்டினம் எனப் பரவியது. நம் சென்னையில் அடையார் தளத்தின் மாலுமிகளும் சேர்ந்தார்கள். மொத்தம் 78 கப்பல்கள், 20 ஆயிரம் மாலுமிகள். எம்.எஸ். கான் தலைவர், மதன் சிங் துணைத் தலைவர். ஒருவர் முஸ்லிம், ஒருவர் சீக்கியர். கொடிமரங்களில் காங்கிரஸ் கொடியும் லீக் கொடியும் செங்கொடியும் சேர்ந்து ஏறின. அவர்களுடைய கோரிக்கைகள் சோற்றோடு நிற்கவில்லை. இந்தோனேசிய மக்களை ஒடுக்க அனுப்பிய இந்தியப் படைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்றும் கேட்டார்கள்.

21ஆம் தேதி காசில் பாரக்சைப் பிரிட்டிஷ் படை சூழ்ந்தது. பல மணி நேரம் துப்பாக்கிச் சண்டை. கடற்படையே அழிந்தாலும் சரி, அடக்குவோம் என்ற பொருளில் அட்மிரல் காட்ஃபிரே வானொலியில் மிரட்டினார். பம்பாய் மக்களோ கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு உணவுப் பொட்டலங்களோடு வந்தார்கள். காங்கிரஸ், லீக் தலைமைகள் சரணடையச் சொல்லின. கம்யூனிஸ்ட் கட்சி விடுத்த அறைகூவலை ஏற்று 22ஆம் தேதி லட்சக்கணக்கான ஆலைத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். பரேலில் தோழர் கமல் தோந்தே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த நாட்களில் கொல்லப்பட்ட பம்பாய் மக்கள், அரசுக் கணக்கின்படியே, 228 பேர். 23ஆம் தேதி காலை மாலுமிகள் கறுப்புக் கொடி ஏற்றினார்கள்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தத் நம் கட்சிக்காரர் அல்லர். 1942இல் நம் நிலைப்பாடும் வெள்ளையனே வெளியேறு இயக்கமும் வேறு வேறு திசையில் நின்றதும் வரலாறு. அவரை இன்று நம்முடையவர் என்று உரிமை கொண்டாடுவது அவருக்கும் வரலாற்றுக்கும் இழைக்கும் அநீதி. தாம் எழுதிய நூலுக்கு, 1971இல், 'அப்பாவிகளின் கலகம்' என்ற பொருளில் அவர் பெயர் வைத்தார். வழிகாட்டும் தலைமை வேண்டித் தேடிய இளைஞர்களுக்கு அது கிடைக்கவில்லை என்ற வேதனை அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

பழிவாங்கல் இராது என்ற உறுதிமொழியை நம்பியே அவர்கள் பணிந்தார்கள். ஆனால் கைதுகளும் முகாம்களும் வந்தன. 476 பேர் வேலையிழந்தார்கள். அடுத்த ஆண்டே சுதந்திரம் வந்தது. இந்தியக் கடற்படையும் பாகிஸ்தான் கடற்படையும் அவர்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. வெள்ளையன் போன பிறகும் அவனுடைய ஒழுங்குப் புத்தகம் மட்டும் போகவில்லை! 1965இல் உத்பல் தத் இந்த எழுச்சியை 'கல்லோல்' என்ற நாடகமாகக் கல்கத்தாவில் மேடையேற்றினார். அதே ஆண்டு அவர் சிறையில் அடைக்கப்பட்டார்.

பி.சி. தத் பத்திரிகையாளராகவும், பின்னர் விளம்பர நிறுவனம் ஒன்றிலும் உழைத்துப் பம்பாயிலேயே நீண்ட வாழ்க்கை வாழ்ந்தார். சுவரில் எழுதிய கை, அதன்பின் பல பத்தாண்டுகள் மாதச் சம்பளத்துக்கு எழுதியது. கொலாபாவில் எழுச்சி நினைவுச்சின்னம் எழுந்தது 2001இல்தான், 55 ஆண்டுகள் கழித்து. துறைமுகத்தில் பெரிய கப்பல்களை இழுத்துச் செல்லும் இழுவைக் கப்பல்கள் இரண்டுக்கு பி.சி. தத், மதன் சிங் என்று கடற்படை பெயரிட்டிருக்கிறது. உயிரோடு திரும்பச் சேர்த்துக்கொள்ளாதவர்களைப் பெயராகச் சேர்த்துக்கொண்டிருக்கிறது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். போர்க்காலத்தில் நம் கிராமங்களிலிருந்தும் படைக்குப் போனவர்கள் உண்டு. உங்கள் வீட்டுப் பெட்டியிலோ பரணிலோ அவர்களுடைய பணிவிலகல் பத்திரம், கடிதம், பதக்கம் எதுவாவது இருந்தால், பழைய காகிதக்காரருக்குப் போடுவதற்கு முன் கிளைச் செயலாளரிடம் ஒருமுறை காட்டுங்கள். பெயரும் ஆண்டும் குறித்துக்கொண்டு உங்களிடமே திருப்பித் தந்துவிடுவோம்.