நான் செய்யாத வீட்டுப்பாடம்

(உலக சிக்கன நாளையொட்டி போடிநாயக்கனூரில் நடந்த ஆசிரியர் கூட்டமொன்றில் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிக்கனத்தைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். என் வீட்டுக் கதை தெரிந்தவர்கள் இங்கே நாலைந்து பேராவது இருப்பீர்கள். சிரிக்காமல் இருந்தால் போதும்.

1924இல் இத்தாலியின் மிலன் நகரில் கூடிய சேமிப்பு வங்கிகளின் மாநாட்டில் தொடங்கியது இந்த நாள். உலகம் அக்டோபர் 31இல் கொண்டாடுகிறது. அது இந்திரா காந்தி அம்மையாரின் நினைவு நாள் என்பதால் நாம் 30இல் கொண்டாடுகிறோம். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, உண்டியல் படம் வரைதல் எல்லாம் வழக்கம்போல் நடக்கும். வரவு சிறிதானாலும் செலவு பெருகாதிருந்தால் கேடில்லை என்ற வள்ளுவர் கருத்தை நானே பல ஆண்டுகள் காலை வணக்கக் கூட்டத்தில் விளக்கியிருக்கிறேன். அப்படி விளக்கிக்கொண்டிருந்தபோது என் மனைவியின் வளையல்கள் வங்கியில் அடகில் இருந்தன.

2019 அக்டோபரில் ஏழாம் வகுப்புக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். 'உங்கள் வீட்டில் குறைக்கக்கூடிய மூன்று செலவுகளை எழுதி வருக.' நல்ல வீட்டுப்பாடம் என்றுதான் நினைத்தேன். ஒரு மாணவி மட்டும் இரண்டே வரி எழுதியிருந்தாள்: 'எங்கள் வீட்டில் குறைக்க ஒன்றும் இல்லை. அம்மா முன்னாடியே குறைத்துவிட்டார்கள்.'

எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்த அம்மா ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பவர். விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, இடுக்கி மாவட்டத் தோட்டங்களுக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர். அந்த ஆகஸ்டில்தான் புத்தடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டிருந்தது. ஊரெல்லாம் அதே பேச்சு. காய்க்கு இவ்வளவு விலை இருக்கும்போது இந்த வீட்டில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அந்த அம்மாவே பள்ளிக்கு வந்தார். "இன்னைக்கு வேலை இல்ல சார். பிள்ளை ஏதோ தப்பா எழுதிருச்சாமே?" என்றார். அவரிடம் கேட்ட பிறகுதான் எனக்கு விஷயமே புரிந்தது. 2018 வெள்ளத்தில் மலையில் செடிகள் அழுகிப்போயின. அடுத்த ஆண்டு மழையும் சரியாக இல்லை. காய் குறைந்ததால்தான் விலை ஏறியது. காய் இல்லையென்றால் எடுக்கும் வேலையும் இல்லை. சமூக அறிவியல் ஆசிரியனான எனக்கு இதை அவர் சொல்லித்தர வேண்டியிருந்தது.

அவர் மாதக் கணக்குப் பார்ப்பதில்லை, வருடக் கணக்குப் பார்க்கிறார். ஆடி, ஆவணியில் தொடங்கித் தை வரை கையில் காசு வரும். அப்போதே அரிசி மூட்டையும் பிள்ளைக்கு நோட்டும் வாங்கி வைத்துவிடுவார். மாசி, பங்குனி, சித்திரையில் களை எடுப்பு, கவாத்து என்று கிடைத்தால் உண்டு. வீட்டில் மூன்று டப்பாக்கள்: சாப்பாட்டுக்கு, ஆஸ்பத்திரிக்கு, செய்முறைக்கு. நம் பக்கத்தில் செய்முறை என்றால் என்ன என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை!

"செய்முறை டப்பா தீந்துருச்சுன்னா?" என்று கேட்டேன்.

"அந்த வருசம் காசோட போக மாட்டேன் சார். முந்தின நாளே போயி காய் நறுக்கி, பாத்திரம் வெளக்கிக் குடுத்துட்டு வந்துருவேன். யாரு என்ன சொல்லப் போறா?"

அவரை முன்மாதிரியாக நிறுத்த நான் இதைச் சொல்லவில்லை. அவருடைய சிக்கனம் விரும்பி ஏற்றதல்ல. அவர் பெயரிலும் குழுக்கடன் இருந்தது. ஆனால் எந்த டப்பா முதலில், எது கடைசியில் என்பதில் அவருக்குக் குழப்பம் இல்லை. எனக்கு இருந்தது.

2020 ஏப்ரல் உங்களுக்கு நினைவிருக்கும். ஊரடங்கில் எல்லை அடைபட்டு மலைக்கு ஜீப் போகவில்லை. நமக்கு அகவிலைப்படி உயர்வு நின்றது. சரண் விடுப்புப் பணமும் நின்றது. சம்பளம் வந்துகொண்டிருந்தது, குறை சொல்ல நியாயமில்லை. ஆனால் வராத பணத்தை வரும் என்று நம்பி நான் புதுவீட்டுக் கடனுக்கும் கார் கடனுக்கும் கணக்குப் போட்டிருந்தேன். அந்த மே மாதம், நான் கொடுத்த வீட்டுப்பாடத்தை நானே செய்ய உட்கார்ந்தேன். பக்கத்தில் என் மனைவி. ஒரு மாதத்துக்கு அல்ல, ஒரு வருடத்துக்கு எழுதினோம்.

அதற்கு முன் எங்கள் வீட்டில் சண்டையெல்லாம் அரை லிட்டர் பாலுக்குத்தான். அரை லிட்டரைக் குறைத்தால் ஒரு வருடத்தில் மிச்சம் சுமார் 8,000 ரூபாய். செய்முறைக்கு மட்டும் அந்த வருடம் போனது 1,12,000. கார் தவணை மாதம் 11,400, வருடத்துக்கு 1,36,800. அந்தக் கார் போனது பள்ளிக்கு ஆறு கிலோமீட்டர், திரும்ப ஆறு கிலோமீட்டர்.

பட்டியலில் இல்லாத ஒன்றை என் மனைவிதான் சொன்னார்: "அத்தைக்குக் கண் ஆபரேஷன் எழுதலையே?" என் அம்மாவுக்குக் கண்புரை என்று டாக்டர் சொல்லி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கிரகப்பிரவேசம் முடியட்டும், கடன் கொஞ்சம் குறையட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அறுநூறு பேருக்கு இலை போட்டவன் நான்.

காரை நஷ்டத்துக்கு விற்றோம். நெருங்கிய சொந்தம் தவிர மற்றவர்களுக்குச் செய்முறை 500 ரூபாய்க்கு மேல் இல்லை என்று முடிவெடுத்தோம். எழுதும்போது எளிது, மண்டபத்தில் மொய் எழுதுகிறவர் பெயரையும் தொகையையும் ஒலிபெருக்கியில் சொல்லும்போது உள்ளங்கை வேர்க்கும். பெரியப்பா மகன் ஒருவர் இன்னும் என்னிடம் பேசுவதில்லை. அது வருத்தம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஊரடங்கு தளர்ந்ததும் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்தவர் கூடத்துச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "இது நீலமாடா? நான் பச்சைன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். அந்த வண்ணத்தைத் தேர்ந்தெடுக்க நாங்கள் மூன்று கடை ஏறி இறங்கியிருந்தோம்.

இனி நம் பள்ளிக்கு வருகிறேன். அந்த வீட்டுப்பாடத்தை நான் பிறகு கொடுக்கவில்லை. குறைக்க ஒன்றுமில்லாத வீட்டுப் பிள்ளையைக் குறைக்கச் சொல்லி எழுத வைப்பது சரியில்லை என்று எனக்குப் பட்டது. அதற்குப் பதிலாக நாம் அந்த வீடுகளில் ஏற்றும் செலவை எழுதிப் பார்த்தோம். ஆண்டு விழா நடனத்துக்கு வாடகை உடை, குழுப் படம், சுற்றுலா. இவற்றில் பெரும்பாலானவை பிப்ரவரி, மார்ச்சில் வருகின்றன. மலையில் காய் ஓய்ந்து கூலி குறையும் மாதங்களும் அவைதான். கேட்டால் இல்லை என்று எந்தத் தாயும் சொல்வதில்லை, வட்டிக்கு வாங்கியாவது கொடுத்துவிடுவார்கள்.

வாடகை உடையை எங்கள் பள்ளியில் நிறுத்திவிட்டோம். வீட்டில் இருக்கிற சேலை, வேட்டி போதும். படத்தையும் சுற்றுலாவையும் மார்கழிக்குள் முடிக்கப் பார்க்கிறோம். ஆண்டு விழாத் தேதியை மட்டும் ஒரு பள்ளி தனியாக மாற்றுவது கடினம். மலைக்குப் போகும் பெற்றோர் உள்ள பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். தேநீர் இடைவேளையில் பத்து நிமிடம் தாருங்கள், நாள்காட்டி கொண்டுவந்திருக்கிறேன்.