மேய்ச்சல் நிலத்தில் நரிவெங்காயம்

(உழவர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கோடையில் புல் காய்ந்து கிடக்கும் மேய்ச்சல் காட்டில், இலை ஒன்றுமில்லாமல் ஒரு முழத்துக்கு மேல் தண்டு மட்டும் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நுனியில் பழுப்பும் வெண்மையும் கலந்த சிறு பூக்கள் தொங்கும். ஒரு பூ ஒரு நாள்கூட நிற்காது. அதுதான் நரிவெங்காயம், காட்டு வெங்காயம் என்றும் சொல்வோம். தாவர நூல்களில் இதன் பெயர் ட்ரிமியா இண்டிகா. பழைய நூல்களில் அர்ஜினியா இண்டிகா என்று இருக்கும்.

மழைக்குப் பிறகே இலை வரும். தோண்டினால் கிழங்கு வெள்ளை வெங்காயம் போலவே அடுக்கடுக்காக இருக்கும். குழந்தைகள் ஏமாந்துவிடக் கூடும். வெங்காயத் தாள் உள்ளே கூடான குழல். இதன் இலையோ தட்டையான வார். கசக்கினால் வெங்காய நெடி வராது. சாறு பட்ட தோல் அரிக்கும்.

இதிலுள்ள நஞ்சு இதயத்தைத் தாக்குவது. இருமலுக்கு மருந்தாகப் பயன்பட்டதும் இதே கிழங்குதான். ஆனால் மருந்தின் அளவுக்கும் நஞ்சின் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. ஆகவே கைவைத்தியமாக யாருக்கும் கொடுக்காதீர்கள்.

வயிறு நிறைந்த ஆடுமாடு பொதுவாக இதைத் தொடாது. பசித்த கால்நடைதான் வேறு பச்சை இல்லாதபோது கடிக்கும். தின்றுவிட்டால் கழிச்சல், தீவனம் எடுக்காமை, தளர்ச்சி காணும். அந்த மாட்டை நடத்தியோ விரட்டியோ கொண்டுபோகக் கூடாது. தளர்ந்த இதயம் நின்றுவிடலாம். நிழலில் கட்டி, கால்நடை மருத்துவரை அங்கேயே அழைத்து வாருங்கள்.

இது ஏன் பெருகுகிறது? மாடு புல்லைத் தின்கிறது, இதை விட்டுவிடுகிறது. அளவுக்கு மீறி மேய்த்த நிலத்தில் புல் அழிய, நரிவெங்காயத்துக்கு இடம் கிடைக்கிறது. காட்டையே உழுது இதை ஒழிக்க முனைவதை நான் ஆதரிக்கமாட்டேன். இருக்கிற புல்லும் போய்விடும். மழை தொடங்கியதும் கொழுக்கட்டைப்புல் விதையைத் தூவி, அந்தப் பருவம் முழுவதும் மேய்ச்சலை நிறுத்துங்கள். பட்டியருகிலும் தண்ணீர்த் தொட்டியருகிலும் உள்ளவற்றை மட்டும் தோண்டினால் போதும். கோடையில் தண்டு தெரியும்போதே முளைக்குச்சி அடித்து அடையாளம் வையுங்கள். காய் வெடித்தால் விதை காற்றில் பறக்கும். அதற்குமுன் தண்டை அறுத்துவிடுங்கள்.

தோண்டும்போது கையில் சாக்குத்துணி சுற்றிக்கொள்வது நல்லது. கிழங்கைக் குப்பைக்குழியில் போட்டால் மீண்டும் துளிர்க்கும். துண்டாக்கி, ஆடுமாடு எட்டாத இடத்தில் நன்றாகக் காயவைத்த பிறகு ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.