36 அரிசி சிப்பத்தைத் தாங்குற கால்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. எங்க குழுவில் 12 பேர். வீட்டுக்குப் பின்னாடி சிமெண்ட் தொட்டி கட்டி கப்பி, மோலி, கோல்டு பிஷ் வளர்த்து விக்கிறோம். டவுன்ல சில வீடுகளுக்குப் போய் மீன்தொட்டி சுத்தம் செஞ்சு கொடுக்கிறோம். மீன் வளர்க்கிறதைப் பயிற்சியில் நிறைய பேர் கேட்டிருப்பீங்க. இன்னிக்கு நான் பேசப் போறது தொட்டியைத் தாங்குற ஸ்டாண்டைப் பத்தி. இந்தத் தொழிலுக்கு வரணும்னு நினைக்கிற குழுக்கள் மீனுக்கு முன்னாடி இதைத்தான் கத்துக்கணும்னு எனக்குத் தோணுது.

போன வருஷம் ஒரு புது வீட்டு ஆர்டர் வந்துச்சு. ஹாலுக்கும் பின்னாடி உள்ள ஸ்டோர் ரூமுக்கும் நடுவுல ஒரு சுவர். அந்தச் சுவத்துக்குள்ள 6 அடி நீளத் தொட்டி வைக்கணும். ஹால்ல உட்கார்ந்து பார்த்தா, போட்டோ மாட்டின மாதிரி மீன் மட்டும் தெரியணும். தொட்டி, மீன், மாசா மாசம் பராமரிப்பு எல்லாம் எங்க பொறுப்பு. அதுவரைக்கும் எங்களுக்கு வந்த ஆர்டர்லயே அதுதான் பெரிசு. குழுவில் 20 ஆயிரம் உள்கடன் எடுத்து, கண்ணாடிக்கு முன்பணமும் கொடுத்துட்டோம்.

ஸ்டாண்டை மட்டும் அவங்க ஆசாரியே செய்றதாப் பேச்சு. போய்ப் பார்த்தா, பிளைவுட்ல அழகா ஒரு அலமாரி வரைஞ்சு வச்சிருந்தார். அதுமேல தொட்டியாம். அன்னிக்கு ராத்திரி நாங்க நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டோம்.

அந்தக் கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்க. தொட்டி 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். பெருக்கினா 24 கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே தண்ணி பிடிக்கும். ஆக, 680 லிட்டர் வருது. ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. 12 மில்லிமீட்டர் கண்ணாடியில செஞ்ச காலித் தொட்டியே 120 கிலோ இருக்கும். அடியில் போடுற மணல், கல்லு ஒரு 100 கிலோ. விளிம்பு வரைக்கும் நாம தண்ணி ஊத்த மாட்டோம். ஆனாலும் ஸ்டாண்டுக்கு 900 கிலோன்னு வச்சுத்தான் கணக்குப் பார்க்கணும்.

900 கிலோன்னா 25 கிலோ அரிசி சிப்பம் 36. அரிசியாவது தின்னத் தின்னக் குறையும். இது ராத்திரி பகல், வருஷம் பூரா அப்படியே நிக்கும்.

தண்ணி பார்க்க லேசாத் தெரியுது, அதனாலதான் ஏமாந்துடுறோம். நாங்க பராமரிச்ச இன்னொரு வீட்டுல 3 அடித் தொட்டிதான் இருந்துச்சு. டி.வி. வைக்கிற அலமாரி மேல வச்சிருந்தாங்க. தண்ணி மாத்துறப்ப சிந்துனது பலகைக்குள்ள இறங்கி, பலகை ஊறிப் போய் ஒரு மூலை தாழ்ந்துடுச்சு. மூலை தாழ்ந்தா கண்ணாடி முறுக்கும், ஒட்டின பசை விடும். ஒருநாள் நடுராத்திரி தொட்டி விட்டுப்போய், 190 லிட்டர் தண்ணியும் கண்ணாடியும் ஹால் பூரா. அவங்க வீட்டுப் பிள்ளை வழக்கமா அந்த ஹால்லதான் படுப்பான். அன்னிக்குப் பாட்டி ஊருக்குப் போயிருந்ததால தப்பிச்சான். இப்ப சொல்றது அதைப் போல மூணு மடங்குக்கும் மேல உள்ள தொட்டி.

குழுக் கூட்டத்தில் பேச்சு வந்துச்சு. "அவங்க வீடு, அவங்க காசு. தொட்டியை வச்சுக் கொடுத்துட்டு வருவோம்"னு ஒரு அக்கா சொன்னாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. அளவு கொடுத்துச் செஞ்ச தொட்டி, ஆர்டர் போனா வேற யாரும் வாங்க மாட்டாங்க. 20 ஆயிரமும் நம்ம 12 பேர் தலையில்தான் விழும். ரெண்டு மணி நேரம் பேசி, கடைசியில் தீர்மான நோட்டில் எழுதினோம்: "ஸ்டாண்டு இரும்பில் இருந்தால் மட்டுமே தொட்டியை இறக்குவது." 12 பேரும் கையெழுத்துப் போட்டோம்.

அந்த வீட்டுக்காரர் முதல்ல ஒத்துக்கலை. "ஆசாரிக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?"னு கேட்டார். நாங்க எதிர்த்துப் பேசலை, நோட்டை நீட்டினோம். பக்கத்துல இருந்த அவங்க அம்மாதான் வாங்கிப் பார்த்தாங்க. "36 சிப்பத்தை இந்த அலமாரி மேல அடுக்குவியாடா?"ன்னு மகனைக் கேட்டாங்க. அதோட பேச்சு முடிஞ்சுது.

எப்படிச் செஞ்சோம்னு வரிசையாச் சொல்றேன்.

முதல்ல தரை. புது வீட்டுல மண்ணு நிரப்பி மேல டைல்ஸ் ஒட்டுவாங்க. ஸ்டாண்டோட கால் நிக்கிற இடத்துல அந்தத் தரை இறங்கிடும். டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடியே மேஸ்திரிகிட்டச் சொல்லி, அந்த இடத்துல கம்பி கட்டி 6 அங்குலம் கான்கிரீட் போட வச்சோம். மாடியில் வைக்கணும்னு யாராவது கேட்டா, இன்ஜினியர் பார்த்துச் சரின்னு சொல்லாம ஆர்டர் எடுக்காதீங்க.

ரெண்டாவது இரும்பு. 2 அங்குலச் சதுரக் குழாய், 3 மில்லிமீட்டர் கனம். நாலு காலு போதாது. 6 அடி நீளச் சட்டம் நடுவுல தொய்யும். அதனால 3 அடிக்கு ஒரு ஜோடின்னு ஆறு காலு. உயரம் இரண்டரை அடி. மேலயும் கீழயும் சட்டம், பக்கத்துல ஆடாம இருக்கச் சாய்வாக் குறுக்குப் பட்டை. இரும்பு மட்டும் 80 கிலோ கிட்ட ஆச்சு. இதுல முக்கியம், மேல்சட்டம் கால் தலைமேல உட்காரணும். காலோட பக்கத்துல ஒட்ட வச்சுப் பத்த வச்சா, மொத்த எடையையும் அந்தப் பத்துதான் தாங்கும். தலைமேல உட்கார்ந்தா எடை நேராத் தரைக்கு இறங்கிடும். வெல்டிங் பட்டறையில் நின்னு இதைப் பார்த்து வாங்கணும். ஒவ்வொரு காலுக்கு அடியிலும் 4 அங்குலத்துக்கு 4 அங்குலம் இரும்புத் தகடு. அப்புறம் ரெட் ஆக்சைடு அடிச்சு, காஞ்ச பிறகு பெயிண்ட். தண்ணி பக்கத்துல இருக்கிற இரும்பு, விட்டா துருப்பிடிக்கும்.

மூணாவது மட்டம். ஸ்டாண்டை வச்சதும் நீளம், அகலம், மூலைக்கு மூலைன்னு ரசமட்டம் வச்சுப் பார்க்கணும். ஏத்த இறக்கம் இருந்தா காலுக்கு அடியில் இரும்புத் தகடு செருகிச் சரி செய்யணும். அட்டை, மரத்துண்டு எல்லாம் வேண்டாம், நசுங்கிடும். சட்டத்துக்கு மேல முக்கால் அங்குல மரைன் பிளைவுட், அதுக்கு மேல அரை அங்குலத் தெர்மோகோல், அதுக்கு மேல தொட்டி. சின்ன மேடு பள்ளத்தைத் தெர்மோகோல் வாங்கிக்கும். அடியில் ஒரு மணல் பரல் கிடந்தாலும் கண்ணாடி கீறும், துடைச்சுட்டு வைங்க.

நாலாவது சுவர். தொட்டி சுவத்து மேல உட்காரக் கூடாது. சுவரும் தொட்டி மேல உட்காரக் கூடாது. திறப்புக்கு மேல லிண்டல் போட்டு, மேல்சுவர் எடையை ரெண்டு பக்கமும் இறக்கிடணும். தொட்டி ஸ்டோர் ரூம் பக்கம் சொந்தக் காலில் நிக்கும். சுத்தி அரை அங்குலம் இடைவெளி விட்டு, ஹால் பக்கம் மரச்சட்டம் வச்சு மறைச்சுட்டா தெரியாது. தொட்டிக்கு மேல 2 அடி காலி இடம் கேட்டு வாங்கிடுங்க. கை விட்டுத் தேய்க்கிறது நாமதான்.

கரண்ட் விஷயம். சுவிட்ச் பெட்டி தண்ணி மட்டத்துக்கு மேல இருக்கணும். மோட்டார் ஒயர் பிளக்குக்குக் கீழ தொங்கி, வளைஞ்சு மேல ஏறணும். அப்பதான் ஒயர் வழியா வர்ற தண்ணி கீழ சொட்டும், பிளக்குக்குப் போகாது. ஆர்.சி.சி.பி. போடச் சொல்லுங்க. சுவிட்சை அணைச்ச பிறகுதான் தண்ணியில் கை.

கடைசியில் சோதனை. மரச்சட்டம் அடிக்கிறதுக்கு முன்னாடி கால் தொட்டி, மறுநாள் அரைத் தொட்டி, அதுக்கு மறுநாள் முழுசுன்னு தண்ணி விட்டோம். ஒவ்வொரு நாளும் நாலு மூலையிலும் விளிம்பிலிருந்து தண்ணி வரைக்கும் டேப் வச்சு அளந்து நோட்டில் எழுதினோம். ஒவ்வொரு நாளும் நாலு மூலையும் ஒரே அளவு காட்டுச்சு. வித்தியாசம் வந்தா தண்ணியை இறக்கிட்டுத்தான் சரி பண்ணணும். தண்ணியோட தூக்கி நெம்பக் கூடாது.

தொட்டி வச்சு பத்து மாசம் ஆகுது. உள்கடன் அடைஞ்சுடுச்சு. அந்த ஆசாரியே இப்ப ரெண்டு வீட்டுக்கு எங்களைக் கைகாட்டி விட்டிருக்கார்.

அக்கா, நம்மகிட்ட கேட்கிறவங்க அழகைத்தான் கேட்பாங்க. தாங்குமான்னு கேட்க வேண்டியது நாம. அதுக்குப் பெரிய படிப்பு வேண்டாம், நம்ம சந்தா நோட்டில் போடுற பெருக்கலும் கூட்டலும் போதும். இந்தக் கணக்கு எழுதின தாளைக் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுத்து வச்சிருக்கேன். 3 அடி, 4 அடி, 6 அடித் தொட்டி மூணுக்கும் தனித்தனியா இருக்கு. வேணுங்கிற குழு நகல் எடுத்துக்கலாம். ஸ்டாண்டு நேர்ல பார்க்கணும்னா சொல்லுங்க, அந்த வீட்டு அம்மாகிட்டக் கேட்டு நானே கூட்டிட்டுப் போறேன்.