லுங்கி ஒரு குறியீடானது எவ்வாறு?

(மான்குர்த் தமிழ்த் தொழிலாளர் வாசிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பண்பாடு என்றதும் நம்மவர் பலருக்குக் கோபுரமும் பரதமும் பொங்கல் பானையுமே நினைவில் எழுகின்றன. சமூகவியல் தரும் பொருளோ விரிந்தது. பிறப்பால் வாராது, சமூகத்தில் வாழ்ந்து மனிதர் கற்றுக்கொள்ளும் அனைத்தும் பண்பாடே என்னும் கருத்தை 1871இல் எட்வர்டு டைலர் முன்வைத்தார். பாய், பாத்திரம், உடை ஆகியவை அதன் பொருள்சார் கூறுகள்; மொழி, விழுமியம், நெறிமுறை, குறியீடு ஆகியவை பொருள்சாராக் கூறுகள். பாடநூல் இவ்வாறு பிரிக்கிறது. வாழ்க்கையில் இவை பிரிந்து நிற்பதில்லை. மும்பைத் தமிழர் இதனை அறிய நூலைத் தேட வேண்டியதில்லை, லுங்கி போதும்.

லுங்கி வெறும் துணி. வெக்கையில் உழைப்பவருக்கு வசதியான உடை. 1966இல் தோன்றிய சிவசேனை அதனை ஒரு குறியீடாக்கியது. லுங்கியை விரட்டும் முழக்கத்தில் அத்துணி, மராத்தியரின் வேலையைப் பறித்த தென்னிந்தியரைக் குறிக்கலாயிற்று. துணியில் ஓர் இழையும் மாறவில்லை. வேலையின்மை மெய்தான், அதற்குக் காரணமான முதலாளி லுங்கி கட்டாதவர், ஆதலால் தப்பினார். 1970 ஜூனில் கொல்லப்பட்ட கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் கிருஷ்ணா தேசாயோ தமிழரல்லர், மராத்தியர். அவ்வழக்கில் தண்டனை பெற்றோர் சிவசேனையினர். இலக்கு எது என்பது அன்றே வெளிப்பட்டது. 2008இல் வட இந்தியத் தொழிலாளர் தாக்கப்பட்டபோது, நமக்கென்ன என்று இருந்தவர் நம்மிலும் உண்டு.

நம் வீட்டையும் பார்ப்போம். கைப்பேசி வந்துவிட்டது; வரன் தேடுகையில் அதே கைப்பேசியில் சாதி கேட்கிறோம். பொருள் மாறும் விரைவில் நெறிமுறை மாறுவதில்லை. இதனை வில்லியம் ஆக்பர்ன் 1922இல் பண்பாட்டுப் பின்னடைவு என்றார். சரியான கவனிப்பு, பாதி விளக்கம். சாதி தானாகப் பின்தங்கி நிற்கவில்லை. அதனால் பயன்பெறுவோர் அதனைக் காத்து வைத்திருக்கின்றனர்.

மராத்திப் பண்பாடும் ஒற்றைக் குரலுடையதன்று. அண்ணாபாவ் சாத்தேயும் அமர் ஷேக்கும் கவாண்கரும் செங்கொடிக் கலைக்குழு அமைத்துப் பவாடாவையும் தமாஷாவையும் தொழிலாளரின் ஆயுதமாக்கினர். சாத்தே தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட மாங் சாதியில் பிறந்தவர். நமக்கு அருகிலுள்ள காட்கோபரின் சிராக் நகர்க் குடிசையில் வாழ்ந்தவர். அவருடைய ‘ஃபகீரா’ நாவல் அம்பேத்கருக்குக் காணிக்கையாக்கப்பட்டது. அடுத்த அமர்வில், மராத்தி நன்கறிந்த தோழர் ஒருவர் அதனைப் பகுதி பகுதியாக வாசிக்க, நான் உடனுக்குடன் தமிழில் சொல்கிறேன். பக்கத்து வீட்டு மராத்தியத் தோழர்களையும் அழைத்து வாருங்கள்.