பிள்ளை வீடு மாறினால் பிள்ளைக்காசு

(சங்கத்தின் பெற்றோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



நான் பேச்சாளன் அல்ல. ஊரிலே ஏ.எல். எடுத்ததோட படிப்பு நின்றது. இங்கே பாண் தொழிற்சாலையில் இரவு வேலை. பிரிந்த வீட்டுக் கதையை மேடையிலே கதைக்கிறதோ எண்டு சிலர் நினைப்பீர்கள். எங்கட சனத்திலேயும் பிரிந்த குடும்பங்கள் இருக்கு. வெட்கத்திலே வாய் திறக்காமல் இருந்து நான் பட்டது மற்றவர்கள் படக்கூடாது. அதுக்காகத்தான் வந்தனான்.

நானும் மனுசியும் பிரிந்து வாழ்கிறோம். பெடியனும் பெட்டையும் தாயோடதான் இருந்தவை. 2024 செப்டெம்பரில் பெடியன், அப்போ வயது 14, என்னோட வந்து இருக்கத் தொடங்கினான். ஆனால் சைல்ட் பெனிபிற், நாங்கள் சொல்லுற பிள்ளைக்காசு, இரண்டு பேருக்கும் தாயின் கணக்குக்கே போனது. கேட்க எனக்கு வெட்கம். ஆனால் மனதுக்குள்ளே புகைச்சல். “என்ரை பெடியன்ரை காசை அவ எடுக்கிறா” எண்டு ஏழு மாதம் புகைந்தேன். பிறகு 2025 ஏப்ரலில் அவவுக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் விண்ணப்பித்தேன்.

அவவுக்குக் கடிதம் போனது. போன் அடித்து அழுதா. “காசுக்காகத்தானோ பெடியனை வைச்சிருக்கிறீங்கள்?” எண்டா. நானும் கத்தினேன். பக்கத்திலே நின்ற பெடியன் தன்ரை பாங்க் காட்டின் கணக்கை எடுத்துக் காட்டினான். தாய் கிழமைக்குக் கிழமை அந்தக் காசை அவனுக்கே போட்டிருக்கிறா. பஸ்ஸுக்கும் சப்பாத்துக்கும் அவன் எடுத்தது அதிலேதான். எனக்குத் தலை நிமிர முடியவில்லை.

அடுத்த ஞாயிறு மூன்று பேரும் இருந்து கதைத்தோம். அப்போதான் சட்டத்தையும் விளங்கிக்கொண்டேன். அதைச் சொல்கிறேன்.

1946 இல் குடும்பக் கொடுப்பனவாகத் தொடங்கிய இந்த உதவி, 1977 இல் சைல்ட் பெனிபிற் ஆனது. அது தாயின் கையில் போகவேண்டும் எண்டு போராடியவர் எலினோர் ராத்போன் என்ற பெண்மணி. ஆனால் இன்று பிரிந்த பெற்றோருக்குள், பிள்ளை யாரோடு இருக்கிறதோ அவருக்கே முதல் உரிமை. தாயோ தகப்பனோ என்பதல்ல.

ஒரு பிள்ளைக்கு ஒருவர்தான் எடுக்கலாம். பாதி பாதியாகப் பிரிக்க முடியாது. பிள்ளை இரண்டு வீட்டிலும் சமமாக இருந்தால் பெற்றோர் பேசி முடிவெடுக்க வேணும். முடியாவிட்டால் இறைவரித் திணைக்களம் முடிவு செய்யும்.

பிள்ளை உங்களோட இல்லாவிட்டாலும், அந்தத் தொகைக்குக் குறையாமல் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்து வந்தால் நீங்கள் எடுக்கலாம். கூட இருப்பவர் கேட்டால் அவருக்கே முதலிடம். மனுசி செய்தது பிழை இல்லை எண்டு அப்போதான் எனக்கு விளங்கினது.

புதிதாக ஒருவர் விண்ணப்பித்தாலும், பழைய ஆள் எழுத்திலே விட்டுக் கொடுக்காவிட்டால் ஏறத்தாழ 3 கிழமைக்கு அவருக்கே போகும். பின்னோக்கி 3 மாதம் வரைதான் கேட்கலாம். மற்றவர் ஏற்கெனவே எடுத்த கிழமைகளுக்குப் பொதுவாகக் கிடைக்காது. ஆகவே பிள்ளை மாறினால் சுணங்காமல் இருவரும் அறிவியுங்கள். உரிமை இல்லாமல் எடுத்த காசைத் திருப்பிக் கட்டவேண்டி வரும். பள்ளி விடுமுறைக்குச் சில கிழமை மற்ற வீட்டில் நிற்பதால் ஒன்றும் மாறாது. 16 கிழமையில் 56 நாளுக்கு மேல் இல்லாவிட்டால்தான் கேள்வி வரும்.

இப்போ கணக்கைப் பாருங்கோ. 2025 ஏப்ரலில் மூத்த பிள்ளைக்குக் கிழமைக்கு 26.05 பவுண், அடுத்த பிள்ளைக்கு 17.25. தாய் இரண்டையும் எடுத்தால் 43.30. தனித்தனி வீட்டிலே ஆளுக்கு ஒரு பிள்ளை எண்டால் இரண்டு பேருக்கும் 26.05. மொத்தம் 52.10. சண்டை பிடித்த நாங்கள், பேசியிருந்தால் பிள்ளைகளுக்குக் கிழமைக்கு 8.80 கூட வந்திருக்கும்!

இன்னொன்று. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு எடுப்பவருக்கு ஓய்வூதியத்துக்கான நாஷனல் இன்சூரன்ஸ் வரவும் சேரும். எங்கட மகளுக்கு வயது 9. தாய்க்கு வேலை இல்லை. அதனால் மகளுடையது தாயின் பெயரில் இருப்பதே நல்லது.

விசாவில் பொதுநிதி பெறமுடியாது எண்டு போட்டிருப்பவர்கள், விண்ணப்பிக்க முன்னம் குடிவரவுச் சட்டம் தெரிந்த ஒருவரைக் கட்டாயம் கேளுங்கோ.

நாங்கள் திரும்பச் சேரவில்லை. ஆனால் இப்போ பிள்ளைகளைப் பற்றிப் போனில் கதைக்கிறோம். அவ பெடியனுக்கு இன்னும் ஐந்து பவுண் போடுறா. நானும் மகளுக்குப் போடுறன். உங்களிலே யாருக்காவது இந்த நிலை வந்தால், படிவத்தை நிரப்ப முன்னம் ஒருக்கால் போன் எடுத்துக் கதையுங்கோ. நான் அதைச் செய்யவில்லை.