வேண்டாம் என்னும் தந்தைக்கு என்ன தருவது?

(மகாவீரர் ஜயந்தி விழாவில், மயிலாப்பூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இளைஞர்களுக்குப் பயன்படும் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். சென்ற வாரம் என் பேத்தி என்னிடம், "பாட்டி, அப்பாவுக்குப் பிறந்த நாள் வருகிறது. எதைச் சொன்னாலும் வேண்டாம் என்கிறார். என்ன வாங்கித் தருவது?" என்று கேட்டாள். அவ்வினாவையே இன்றைய உரைக்குப் பொருளாகக் கொண்டேன்.

தியாகராய நகருக்குச் சென்றால் தந்தையருக்கென்று கடைகள் காட்டும் பொருள்களை நீங்கள் அறிவீர்கள். தோல் பணப்பை, தோல் இடைவார், பட்டு அங்கவஸ்திரம், கைக்கடிகாரம். அன்று இரவு உணவகத்தில் விருந்து. நோன்பு காக்கும் நம் இல்லத்துத் தந்தையருக்கு இவற்றுள் எது பொருந்தும்? தோலும் பட்டும் கொல்லாமைக்கு மாறானவை. கதிரவன் மறைந்தபின் அவர்கள் உண்பதில்லை. எஞ்சுவது கைக்கடிகாரம் ஒன்றே. அதுவும் அவர்களிடம் முன்னரே இருக்கும்.

என் தந்தையார் வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்து, மயிலாப்பூரில் வாடகை வீட்டில் வாழ்ந்தவர். நான் ஆசிரியப் பணியில் சேர்ந்து, முதல் ஊதியத்தில் அவருக்குப் பட்டு அங்கவஸ்திரம் ஒன்று வாங்கிச் சென்றேன். அவ்வீட்டிலேயே வளர்ந்த எனக்கு அது தகாது என்பது தெரியாததன்று. மகிழ்ச்சியில் மறந்துபோனேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. "இதை நெய்வதற்கு முன் எத்தனை உயிர் கொதிநீரில் மடிந்ததோ, அம்மா! உன் அன்பு எனக்குப் போதும். இதைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடு" என்றார்.

அதைவிடப் பெரிய பிழையையும் பின்னர் நான் செய்தேன். இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களுள் பொருள் வரைதல் ஒன்று. தமக்கு இவ்வளவு போதும் என்று அளவு வகுத்துக்கொண்டு, அதற்குமேல் வைத்துக்கொள்ளாமை. தந்தையார் வகுத்துக்கொண்ட அளவு நான்கு வேட்டி, நான்கு சட்டை, இரண்டு துண்டு. புதியது ஒன்று வந்தால், உள்ளவற்றில் பழையது ஒன்றைப் பிறருக்குக் கொடுத்துவிடுவார். அவருடைய எழுபதாம் ஆண்டு நிறைவுக்கு நான் மூன்று பருத்தி வேட்டிகள் வாங்கி அளித்தேன். மறுநாளே பழைய வேட்டிகள் மூன்று வீட்டைவிட்டுப் போயின. அவற்றுள் ஒன்று, மறைந்த என் தாயார் கடைசியாக அவருக்கு வாங்கித் தந்தது. நான் பதறினேன். "அதுதான் எல்லாவற்றிலும் பழையது, அம்மா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. என் பரிசு ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பறித்துக்கொண்டது.

அன்றுதான் எனக்கு ஓர் உண்மை விளங்கியது. வேண்டாம் என்பவர் நம் அன்பை மறுப்பதில்லை, பொருளையே மறுக்கிறார். ஆகவே என்ன வாங்கலாம் என்று கேட்பதை விடுத்து, அவர் எதில் மனம் வைத்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

திருக்குறளில் மக்கட்பேறு அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். தந்தை மகனுக்குச் செய்ய வேண்டியதையும், மகன் தந்தைக்குச் செய்ய வேண்டியதையும் வள்ளுவர் தனித்தனிக் குறளில் கூறுகிறார். இரண்டிலும் பொன்னில்லை, ஆடையில்லை. முன்னது கல்வி பற்றியது. பின்னது மகனைக் கண்டு ஊரார் தந்தையை வியந்து பேசும் பேச்சைப் பற்றியது.

கன்னட நாட்டில் பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அத்திமப்பை என்னும் சமணப் பெருமாட்டியின் செயலும் நினைவுக்கு வருகிறது. அவருடைய தந்தையார் மல்லப்பரும் அவருடன் பிறந்தவரும் ஆதரித்ததால் பொன்னர் என்னும் புலவர் சாந்தி புராணத்தை இயற்றினார். அச்சில்லாத அக்காலத்தில் அந்நூலுக்கு ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார் அத்திமப்பை. ஒவ்வொரு படியும் ஓலையில் கையால் எழுதப்பட வேண்டியது. தந்தை நட்ட செடிக்கு மகள் நீர் வார்த்தாள். சாத்திர தானத்திற்கு இன்றும் அவரையே எடுத்துக்காட்டுகிறோம்.

மேலை நாட்டார் கொண்டாடும் தந்தையர் தினமும் ஒரு மகளின் எண்ணத்தில் பிறந்ததுதான். அமெரிக்காவில் ஸ்போகேன் நகரில் சொனோரா டாட் என்பவர், தாயில்லாப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய தம் தந்தையைப் போற்றுவதற்காக 1910-இல் அந்நாளைத் தொடங்கினார். வணிகர்கள் அதைப் பிற்பாடு தமதாக்கிக்கொண்டனர்.

என் தந்தையாரின் மனம் எதில் இருந்தது என்பதை நான் கண்டது 2006-இல். கண் புரைக்கு அறுவை செய்தும் சிறிய எழுத்துகள் அவருக்குப் புலப்படவில்லை. ஒரு நாள் மாலை, சன்னலோரம் சீவக சிந்தாமணியை முகத்தருகே பிடித்தபடி, ஒரே பக்கத்தில் நெடுநேரம் நின்றுகொண்டிருந்தார். "படித்துக் காட்டட்டுமா, அப்பா?" என்றேன். வாழ்நாளில் முதன்முறையாக அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதன்பின் ஞாயிறுதோறும் தியாகராய நகரிலிருந்து மயிலாப்பூர் சென்று படித்தேன். பதின்மூன்று இலம்பகங்கள், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். தேர்வுக்காக நான் கற்ற நூலை அவர் வாழ்க்கையாகக் கற்றிருந்தார். நோன்பின் பெயர்களையும் வினைகளின் வகைகளையும் நான் பிழையாகச் சொல்லும்போது நிறுத்தித் திருத்துவார். உ.வே. சாமிநாதையர் 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பிப்பதற்கு முன், கும்பகோணத்துச் சமணர்களிடம் சென்று சமயச் செய்திகளைக் கேட்டறிந்தார் என்று மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் பாடம் சொன்னவள் நான். அப்படிக் கேட்டறியத்தக்க ஒருவர் என் வீட்டிலேயே இருந்தார் என்பது எனக்கு அத்தனை காலம் தோன்றவில்லை.

2008-இல் பன்னிரண்டாம் இலம்பகத்தை முடித்தோம். சீவகன் துறவு பூணும் முத்தி இலம்பகம் ஒன்றே எஞ்சியது. அப்போது விடைத்தாள் திருத்தும் பணி வந்தது. தொடர்ந்து மூன்று ஞாயிறு நான் செல்லவில்லை. தொலைபேசியில், "பரவாயில்லை அம்மா, பிள்ளைகளின் வேலையை முதலில் பார்" என்றார். நான்காம் ஞாயிற்றுக்கு முன் அவர் மறைந்தார். முத்தி இலம்பகத்தை அவருடைய நாற்காலியின் எதிரில் அமர்ந்து நான் தனியே படித்து முடித்தேன். திருத்துவார் இல்லை.

இளைஞர்களே, கடைக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போகுமுன் மூன்று வினாக்களை எண்ணிப் பாருங்கள். முன்பு தாமே செய்து, இப்போது முடியாமல் அவர் விட்டுவிட்டது எது? வாய்விட்டுச் சொல்லாமல் அவர் செல்ல விரும்பும் இடம் எது? அவர் கையால் யாருக்கேனும் கொடுக்க விழைவது எது?

முதல் வினாவுக்கு விடை, நின்றுபோன பழைய வானொலியைப் பழுது பார்த்துத் தருவதாக இருக்கலாம். இரண்டாவதற்கு, பொன்னூர் மலைக்கோ மேல்சித்தாமூருக்கோ ஒரு பயணமாக இருக்கலாம். மயிலையில் விளங்கிய நேமிநாதர் திருவுருவம் மேல்சித்தாமூர் சென்றது என்பது நம் மரபு. மயிலையில் வாழ்ந்து முதிர்ந்தவருக்கு அந்தத் தரிசனம் எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். மூன்றாவதற்கு, உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நான்கு தானங்களில் ஒன்றை அவர் பெயரால் செய்யலாம். ஏழை மாணவர் ஒருவருடைய கட்டணத்தை அவர் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள். பெறுவதில் மகிழாதவர் கொடுப்பதில் மகிழ்வார்.

என் பேத்திக்கு நான் என்ன விடை சொன்னேன் என்று கேட்பீர்கள். "உன் அப்பா பள்ளியில் படித்த காலத்துக் கதைகளைக் கேள். அவர் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள். ஒரே நாளில் முடிக்காதே, ஞாயிறுதோறும் கேள்" என்றேன். "ஒரு ஞாயிறும் தவறாதே" என்றும் சேர்த்துச் சொன்னேன்.